குளிர்பானத்தின் சர்க்கரையையும் பழத்தின் சர்க்கரையையும் வீட்டிலேயே ஒப்பிடும் முறை

வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் குளிர்பானம் வாங்காத வீடு குறைவு. அடுத்த முறை வாங்கும்போது கீழ்க்கண்டவாறு கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பாட்டில், ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் சர்க்கரை, சில கொய்யாப்பழங்கள் இருந்தால் போதும்.

முதலில், பாட்டிலின் மேலுள்ள ஊட்டச்சத்துப் பட்டியலில் ‘டோட்டல் சுகர்ஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். அங்குள்ள எண் பெரும்பாலும் 100 மி.லி.க்கு உரியது, முழுப் பாட்டிலுக்கு உரியதன்று. புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

அடுத்து, அந்த எண்ணைப் பாட்டிலின் அளவால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். வழக்கமான கோலா பானத்தில் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 10.6 கிராம் சர்க்கரை இருப்பதால், 250 மி.லி. பாட்டிலில் 26.5 கிராம் வருகிறது. ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று கொண்டால், இது ஆறரைக் கரண்டிக்கும் சற்று அதிகம். அதைக் கண்ணாடித் தம்ளரில் அளந்து கொட்டுங்கள்; வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையே கொட்டச் சொல்லுங்கள்.

இனி பழத்துக்கு வருவோம். நேதாஜி மார்க்கெட்டில் 300 கிராம் கொய்யா நிறுத்து வாங்கினால், 100 கிராமுக்குச் சுமார் 9 கிராம் வீதம் அதிலும் 27 கிராம் சர்க்கரை இருக்கும். கணக்கு சமமாகிவிட்டதே என்று இதோடு நிறுத்தினால் ஒப்பீடு தவறாகிவிடும். அதே கொய்யாவில் ஏறத்தாழ 15 கிராம் நார்ச்சத்தும் நிறைய வைட்டமின் சி-யும் இருக்கின்றன. கோலாவில் இவ்விரண்டும் இல்லை. பழத்தை மென்று தின்ன நேரமாகிறது, வயிறு நிறைகிறது, நார்ச்சத்து சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது. பானமோ சில மடக்குகளில் தீர்ந்துவிடுகிறது. (நீரிழிவு உள்ளவர்கள் பழத்தின் அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.)

கடைசியாக, பானத்தில் வந்த எண்ணை நாள் வரம்போடு ஒப்பிடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி உண்பவருக்கு, குளிர்பானத்தில் உள்ளது போன்ற சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நல்லது. முழுப் பழத்தின் சர்க்கரை இந்த வரம்பில் சேராது. ஆனால் காபியில் போடும் சர்க்கரையும், தேனும், பழச்சாறும் சேரும். நம் ஊர்ச் சாலையோரத்தில் கண்ணெதிரே பிழிந்து தரும் கரும்புச்சாற்றையும், சர்க்கரை எதுவும் சேர்க்காமல் கொடுத்தாலும், இந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும்.