அந்தக் கணக்கு எண் நம்முடையதுதானா? கையொப்பத்தை வைத்துச் சரிபார்க்கலாம்

தைப்பூசம் நெருங்கினால் பினாங்கில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல்கள் முளைத்துவிடும். எங்கள் பந்தலுக்கு நன்கொடை கேட்கும் இணையப் பக்கத்தில் ஒருமுறை யாரோ புகுந்து வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிவிட்டார்கள். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் அப்படியேதான் இருந்தது. பக்கம் வழியில் யார் கையிலும் சிக்காமல் வந்தது என்று மட்டுமே அந்தப் பூட்டு சொல்லும். பக்கம் வைக்கப்பட்டிருக்கும் கணினியான சர்வரிலேயே எழுத்தை மாற்றியிருந்தால் அதற்குத் தெரியாது.

இப்போது பொருளாளர் தம் மடிக்கணினியிலேயே பக்கத்துக்கு மின்கையொப்பம் போட்டு, அந்தக் கையொப்பக் கோப்பையும் பக்கத்தோடு சேர்த்து ஏற்றுகிறார். பிறகு பக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. கையொப்பம் போடும் அவருடைய ரகசியச் சாவி சர்வருக்குப் போவதே இல்லை; அதன் இணையான பொதுச் சாவியை வைத்து யாரும் கையொப்பத்தைச் சரிபார்க்கலாம். நீங்கள் சரிபார்க்கும் விதம் இது.

1. விண்டோஸ் கணினியில் ஜிபிஜி4வின் (Gpg4win) என்ற மென்பொருளை நிறுவுங்கள். இலவசம்தான். அதனுடன் வரும் கிளியோபாட்ரா (Kleopatra) என்ற செயலியைத் திறந்து, உங்களுக்கென ஒரு சாவி இணையை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

2. பொருளாளரின் பொதுச் சாவியை 'இம்போர்ட்' செய்யுங்கள். அதை இரண்டு முறை சொடுக்கினால் 40 எழுத்தும் எண்ணுமாக 'ஃபிங்கர்பிரிண்ட்', அதாவது அந்தச் சாவியின் அடையாளம், தெரியும். இங்கே அவசரப்படவே கூடாது. பக்கத்தை மாற்றியவன் தன் சாவியையும் அங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அதனால் பொருளாளர் அண்ணனுக்குப் போன் போட்டு, நான்கு நான்காக வாசிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். எல்லாம் பொருந்தினால் மட்டும் 'செர்டிஃபை' கொடுங்கள்; இது அவர் சாவிதான் என்று உங்கள் சாவியால் உறுதி செய்வது அது. ஒரு தடவை செய்தால் போதும்.

3. பக்கத்தையும் கையொப்பக் கோப்பையும் ஒரே ஃபோல்டரில் சேமியுங்கள். பக்கத்தைச் சேமிக்கும்போது 'ஹெச்டிஎம்எல் ஒன்லி' என்பதையே தேர்ந்தெடுங்கள். 'கம்ப்ளீட்' என்று கொடுத்தால் பிரவுசர் படங்களின் இணைப்புகளை மாற்றி எழுதிவிடும், நல்ல பக்கமும் தேறாது.

4. 'டிக்ரிப்ட்/வெரிஃபை' அழுத்திக் கையொப்பக் கோப்பைக் காட்டுங்கள். பச்சை வந்தால் சரி. சிவப்பு வந்தால் பணம் அனுப்பாதீர்கள், பொருளாளரைக் கூப்பிடுங்கள்.

நம்பிக்கை வர ஒரு சோதனை செய்யுங்கள். சேமித்த பக்கத்தை நோட்பேடில் திறந்து, கணக்கு எண்ணில் ஒரு 7-ஐ 1 ஆக்கிவிட்டு மறுபடி சரிபாருங்கள். உடனே சிவப்பு. ஒரு இடைவெளியைக் கூட்டினாலும் அப்படித்தான்.

பச்சை வந்த பிறகும் கையொப்பம் போட்ட தேதியைப் பாருங்கள். போன வருடத்துப் பக்கத்தையும் அதன் கையொப்பத்தையும் யாராவது திரும்ப ஏற்றினால் அதுவும் பச்சையாகத்தான் வரும், கணக்கு எண் மட்டும் பழையதாக இருக்கும்.