வாழ்ந்து முடித்த பகுதியிலிருந்து எழுதத் தொடங்குவது எப்படி

வாழ்க்கையின் பெரும்பகுதியை வேறு வேலைகளில் கழித்துவிட்டு நாற்பதிலோ அறுபதிலோ எழுத வருபவர்கள், தங்களிடம் நிறையச் சம்பவங்கள் இருப்பதையே பெரிய மூலதனமாக நினைக்கிறார்கள். சம்பவங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. நீண்ட காலம் ஒரே வேலையைச் செய்ததால் உங்கள் கண்ணுக்கும் காதுக்கும் கிடைத்திருக்கும் பழக்கம்தான் உங்களுக்கே உரியது என்பது என் எண்ணம். மனு வாங்கும் மேசையில் பல ஆண்டுகள் அமர்ந்திருந்த ஒருவருக்கு, காகிதத்தை நீட்டிய பிறகும் அதன் ஓரத்திலிருந்து விரலை எடுக்காமல் நிற்பவர் ஏற்கெனவே வேறொரு மேசையில் திருப்பி அனுப்பப்பட்டவராக இருக்கலாம் என்று வாய் திறக்கும் முன்பே தோன்றிவிடும். இருபது வயதில் எழுத வருபவரால் இதைக் கற்பனை செய்வது கடினம்.

ஆகவே பிறப்பிலிருந்து தொடங்காமல், நீங்கள் செய்த வேலையின் ஒரு நாளிலிருந்து தொடங்குங்கள். உள்ளே நுழைந்ததும் கை முதலில் எதைத் தொட்டது, எந்தக் காரியம் முடியாமல் எதைத் தொடங்க முடியாது, யாருடைய குரல் எந்த நேரத்தில் மாறும் என்பதையெல்லாம் நடந்த வரிசையிலேயே எழுதுங்கள். அந்தத் தொழிலில் புழங்கிய சொற்களை அப்படியே வையுங்கள். அவற்றுக்கு இலக்கியச் சாயம் பூச வேண்டியதில்லை. வீட்டையும் பிள்ளைகளையும் மட்டுமே கவனித்துக்கொண்டு வாழ்ந்தவர்களுக்கும் இது பொருந்தும், ஏனெனில் அதுவும் முறையும் நுணுக்கமும் உள்ள வேலைதான்.

அடுத்ததாக வரும் சிக்கல் மிகக் கடுமையானது. வயதானவர்கள் தங்கள் கதைகளைப் பலமுறை வாயால் சொல்லியிருப்பார்கள். கேட்டவர்கள் சிரித்த இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீண்டிருக்கும், முகம் சுளித்த இடம் மெல்ல உதிர்ந்திருக்கும், முடிவில் ஒரு பாடமும் ஒட்டிக்கொண்டிருக்கும். எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது இந்தத் தேய்ந்த வடிவம்தான். அதைத் தடுக்காமல் முழுவதும் எழுதி எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் அதே சம்பவத்தை வேறு கேள்விகளோடு அணுகுங்கள். அந்த அறையில் இன்னும் யார் இருந்தார்கள்? வழக்கமாக எந்தப் பகுதியைத் தாண்டிச் செல்கிறேன்? எனக்கு எதிராக நின்றவருக்கு அன்று என்ன தெரிந்திருந்தது, என்ன தெரிந்திருக்கவில்லை? “அப்பா கண்டிப்பானவர்” என்பது பிற்காலத்தில் வந்து சேர்ந்த தீர்ப்பு. வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டதும் அக்கா வானொலியின் ஒலியைக் குறைத்துவிட்டுத் திறந்திருந்த புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினாள் என்று எழுதினால், தீர்ப்பு வாசகரிடம் போய்விடும். மூத்த வயதில் அறிவுரை சொல்லும் ஆசை இயல்பானது. ஆனாலும் முதல் வரைவை முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் கடைசி வாக்கியத்தையும் தற்காலிகமாக நீக்கிப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் அது தேவைப்படாது.

காலம் கடந்துவிட்டதே என்ற கவலையில் நான் பொருள் காணவில்லை. இங்கிலாந்து எழுத்தாளர் பெனிலோப் ஃபிட்ஸ்ஜெரால்ட் தம் முதல் நூலை 1975இல், 58 வயதில் வெளியிட்டார். அவர் குடும்பத்தோடு தேம்ஸ் ஆற்றில் குடியிருந்த பழைய படகு 1960களின் தொடக்கத்தில் மூழ்கியது. அந்தப் படகு வாழ்க்கையிலிருந்து பிறந்த நாவல் 1979இல் புக்கர் பரிசு பெற்றது. போலந்துக் குடும்பத்தில் பிறந்த நாவலாசிரியர் ஜோசப் கான்ராட் கப்பல் வேலையில் பல ஆண்டுகளைக் கழித்தவர். இருபது வயதுக்குப் பிறகு கற்ற ஆங்கிலத்தில் அவர் எழுதிய முதல் நாவல் 1895இல் வந்தது. இவர்களைப் பார்க்கும்போது, நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் நடுவில் கிடந்த ஆண்டுகள் வீணானவை என்று எனக்குத் தோன்றவில்லை. இழப்பு புதிதாக இருக்கும்போது அதைக் கதையாக்க முயல வேண்டாம். தேதி, சொன்ன சொற்கள், அறையிலிருந்த பொருட்கள் ஆகியவற்றை மட்டும் குறித்து வைத்தால் போதும்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது, முதல் வரைவில் எதையும் மறைக்காதீர்கள், அதை யாருக்கும் காட்டவும் செய்யாதீர்கள். வெளியிடும் முன் அவர்களில் யாருக்குத் தீங்கு வரும் என்று யோசித்து, பெயரையும் அடையாளத்தையும் மாற்றுங்கள். ஒருவர் நம்பிச் சொன்ன இரகசியம் என்றால் அவரைக் கேட்காமல் அச்சேற்றக் கூடாது. இதில் நான் எந்த விதிவிலக்கையும் ஏற்பதில்லை.

தினமும் எழுதுவதற்கு உடல் ஒத்துழைக்கும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள், அது அரைமணி நேரமாக இருந்தாலும் சரி. முதல் வாசகராகக் குடும்பத்தினரை வைக்காதீர்கள். நீங்கள் எழுதாமல் விட்டதையும் அவர்கள் தங்கள் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வார்கள். உங்கள் தொழிலையும் வீட்டையும் அறியாத ஒருவரிடம் கொடுத்து, புரியாத இடத்திலும் சலித்த இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போடச் சொல்லுங்கள். கோடு விழுந்த இடங்களிலிருந்து இரண்டாம் வரைவைத் தொடங்கலாம்.