வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால்: துண்டு, டம்ளர், ரிமோட் வழியாக நோய் பரவாமல் பார்த்துக்கொள்வது எப்படி

வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போய், அவர் தேறி எழுந்திருக்கும் நாளில் இன்னொருவர் படுக்க, அவரையும் கவனித்துக்கொண்ட ஆள் கடைசியில் படுக்க, இப்படி வரிசையாகப் போவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை வாந்தியும் பேதியுமாகப் பத்து நாளைக்கு மேல் இதே கதைதான். முதல் நாளே நான் தரையெல்லாம் துடைத்துவிட்டேன், ஜன்னல் கம்பியைக்கூட விடவில்லை. ஆனால் குளியலறைக் கதவுக்குப் பின்னால் எல்லோரும் கை துடைக்கிற அந்த ஒரே துண்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கவனித்தபோது மூன்று பேர் படுத்திருந்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், வீடு முழுவதையும் துடைக்கக் கிளம்பாதீர்கள். ஒட்டுவாரொட்டி நோய் பொருளிலிருந்து நமக்கு வருவது பெரும்பாலும் கை வழியாகத்தான்: நோயாளியின் கை ஒரு பொருளைத் தொடுகிறது, அதே பொருளை நாம் தொடுகிறோம், பிறகு நம் கை வாய்க்கோ மூக்குக்கோ கண்ணுக்கோ போகிறது. (சளி, காய்ச்சல் காற்று வழியாகவும் நன்றாகவே பரவும். ஜன்னலைத் திறந்து வைப்பதும் மாஸ்க் போடுவதும் அதற்கு. இங்கே பொருள்களைப் பற்றி மட்டும் பார்ப்போம்.)

படி 1: கை போகும் வழியைப் பாருங்கள்

ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு, நோயாளி படுக்கையிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பும்வரை எதையெல்லாம் தொடுகிறார் என்று எழுதுங்கள். போன், லைட் சுவிட்ச், கதவுக் கைப்பிடி, தாழ்ப்பாள், ஃப்ளஷ் பொத்தான், குழாய், துண்டு, வரும் வழியில் ஃபிரிட்ஜ் கதவு, பிறகு டிவி ரிமோட். பதினைந்தைத் தாண்டாது. தினமும் துடைக்க வேண்டியது இவ்வளவுதான், சுவரும் தரையும் காத்திருக்கலாம்.

ஃப்ளூ வைரஸ் எஃகு, பிளாஸ்டிக் மாதிரியான வழவழப்பான பரப்பில் 24 முதல் 48 மணி நேரம்வரை உயிர்ப்போடு இருக்கும். துணியிலும் காகிதத்திலும் அதைவிடக் குறைவான நேரம்தான். வாந்தி, பேதியைக் கொண்டுவரும் நோரோவைரஸ் அப்படியில்லை, பரப்புகளில் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில்கூடத் தங்கும்.

படி 2: துடைப்பதற்கு முன் பிரித்து வையுங்கள்

பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். நோயாளிக்கென்று ஒரு டம்ளர், தட்டு, ஸ்பூன், தண்ணீர் பாட்டில், துண்டு, தலையணை. வேறு நிறமாக இருந்தால் தூக்கக் கலக்கத்திலும் யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள். படுக்கைக்குப் பக்கத்திலேயே உள்ளே பை போட்ட ஒரு குப்பைக்கூடை இருந்தால், மூக்கு சிந்திய காகிதம் மேசைமேல் கிடக்காது.

பல்துலக்கும் பிரஷ்களை எல்லோரும் பிரித்துத்தான் வைப்பார்கள், பற்பசையை மறந்துவிடுவார்கள். டியூபின் முனை ஒவ்வொருவர் பிரஷ்ஷிலும் உரசுகிறதே! நோயாளிக்குத் தனி டியூப் கொடுத்துவிடுங்கள். ரிமோட்டை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டால், பையின் மேலேயே பொத்தானை அழுத்தலாம், துடைப்பதும் சுலபம்.

படி 3: முதலில் சோப்பு, அப்புறம்தான் பிளீச்

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். அழுக்கும் பிசுக்கும் இருக்கும் இடத்தில் நேராகப் பிளீச்சை ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கோடு போய்விடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. எனவே முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு, அதன்பிறகு கிருமிநாசினி.

வீட்டு உபயோகத் திரவப் பிளீச்சின் பாட்டிலில் சோடியம் ஹைபோகுளோரைட் (கிருமியைக் கொல்லும் பொருள்) 5 முதல் 9 சதவீதம் என்று போட்டிருந்தால், ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீருக்கு 4 டீஸ்பூன், அதாவது 20 மில்லி. பாட்டிலில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். வெந்நீர் வேண்டாம். துடைத்த இடம் குறைந்தது ஒரு நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும், உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடாதீர்கள். கலந்து வைத்தது ஒரு நாளைக்குத்தான் வேலை செய்யும், மறுநாள் புதிதாகக் கலக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

தயவுசெய்து ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பிளீச்சோடு வினிகரையோ, கழிப்பறை கழுவும் ஆசிட்டையோ, அம்மோனியா உள்ள எதையுமோ கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். மூடிய குளியலறைக்குள் அது உயிருக்கே ஆபத்து.

போன், தெர்மாமீட்டர் போன்றவற்றுக்குப் பிளீச் வேண்டாம். 70 சதவீத ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தால் போதும். போனை அணைத்துவிட்டுத் துடையுங்கள், அதன்மேல் நேராகத் தெளிக்காதீர்கள்.

படி 4: பாத்திரமும் துணியும்

இதற்குப் பயப்படத் தேவையில்லை. நோயாளியின் தட்டைச் சோப்பும் சூடான தண்ணீரும் போட்டு நன்றாகத் தேய்த்தால் போதும், மற்றவர்கள் பாத்திரத்தோடு சேர்த்தே கழுவலாம். கழுவாமல் பகிர்வதுதான் தவறு. எப்போதும் ஈரமாகவே கிடக்கும் ஸ்பாஞ்சை மட்டும் மாற்றிவிடுங்கள். துணியை உதறாதீர்கள், மார்போடு அணைத்துத் தூக்கிப் போகாதீர்கள். துணி தாங்கும் அளவு சூடான தண்ணீரில் துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவிடுங்கள்.

படி 5: வாந்தி, பேதி என்றால் முறை வேறு

நோரோவைரஸை சானிடைசர் சரியாகக் கொல்லாது. சானிடைசரைத் தடவிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் கைக்குப் பாதுகாப்பு. நூறுக்கும் குறைவான வைரஸ் துகள்கள் உள்ளே போனாலே நோய் வந்துவிடும் என்பதால், வாந்தி பட்ட இடத்தில் கொஞ்சம்கூட அலட்சியம் கூடாது.

கையுறை போட்டு, காகிதத்தால் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுத்து, பையில் கட்டிப் போடுங்கள். சோப்பால் துடையுங்கள். பிறகு பிளீச், இந்த முறை லிட்டருக்கு 20 முதல் 100 மில்லிவரை (நான் 100 பக்கமே போவேன்), குறைந்தது 5 நிமிடம் ஊறட்டும். கடைசியில் தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

படி 6: கை

சோப்பு போட்டு 20 விநாடி, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் சேர்த்து. அந்த அறையை விட்டு வந்ததும், சமைப்பதற்கு முன்பும், சாப்பிடுவதற்கு முன்பும். கழுவிய கையை உங்கள் சொந்தத் துண்டில் ஈரம் போகத் துடையுங்கள், ஈரக்கையில் கிருமி சுலபமாக ஏறும். நோயாளியும் கழுவ வேண்டும். எழுந்து போக முடியாத அளவு சோர்ந்திருந்தால் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் சோப்பும் கொண்டுபோய் நீங்களே கழுவிவிடுங்கள், கிருமியைத் தொடங்கும் இடத்திலேயே தடுத்த மாதிரி இருக்கும்.

எத்தனை நாள்?

ஃப்ளூ என்றால், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்து, படுத்த பிறகும் 5 முதல் 7 நாள்வரை தொடரும். முதல் மூன்று நாள் அதிகக் கவனம் வேண்டும். வாந்தி, பேதி நின்ற பிறகு இன்னும் இரண்டு நாளைக்கு அவர் மற்றவர்களுக்குச் சமைக்க வேண்டாம். ஆள் நன்றாகத் தேறிவிட்டாலும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ அவருடைய மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கலாம். ஆகவே தனித் தட்டை முன்னதாகவே நிறுத்திவிட்டாலும், ஃப்ளஷ் பொத்தான், குழாய், கழிப்பறைத் தாழ்ப்பாள் மூன்றையும் துடைப்பதையும், அவருக்கென்று வைத்த அந்தத் தனித் துண்டையும் இரண்டு வாரம் முடியும்வரை விடாதீர்கள்.