ஆடிக் காற்றை நம்பலாம், சித்திரைக் காற்றை நம்பக்கூடாது: டேக்-ஆஃபில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மியைத் தூக்கும் ஆடிக் காற்றுக்கு முழு எடையே 1,157 கிலோவான செஸ்னா 172 பயிற்சி விமானம் எம்மாத்திரம் என்றுதான் புதியவர்கள் பயப்படுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வாளையாறு தாண்டி கோவைக்கு வரும் அந்தக் காற்றாவது திசை மாறாமல் அடிக்கும். ஏமாற்றுவது சித்திரை, வைகாசி மாலைக் காற்று. பெட்ரோல் பார்க்காதது, கதவைப் பூட்டாதது எல்லாம் செக்லிஸ்ட் சமாச்சாரம், அவற்றை விடுவோம்.

டாக்ஸியில் (ரன்வேக்கு உருண்டு போகும்போது) கேட்ட காற்றோடு கிளம்புவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. ரன்வே 23, அதாவது சுமார் 230 டிகிரித் திசை நோக்கி ஓடுவது. டவர் காற்றை ‘230 டிகிரி, 9 நாட்’ என்கிறது, நேர் எதிர்க்காற்று. மாணவர் தொடையில் கட்டிய அட்டையில் குறித்துக்கொள்கிறார். எஞ்சின் சோதனை முடிய பத்து நிமிடம். அதற்குள் அவிநாசிப் பக்கம் கட்டிய இடிமேகத்திலிருந்து குளிர்காற்று கொட்டிப் பரவி, மழைக்கு முன்னால் ஓடிவருகிறது. காற்றின் திசை காட்டும் துணிக்குழாயான விண்ட்-சாக் திரும்பிவிட்டது, எதிர்க்காற்று பின்காற்றாகிவிட்டது. மாணவர் கண்ணோ டயலில்.

செஸ்னா 172-ன் ‘எஸ்’ மாடல் கையேட்டுக் கணக்கு: எதிர்க்காற்று 9 நாட்டுக்கு ஓடுதூரம் 10% குறையும், பின்காற்று 2 நாட்டுக்கே 10% கூடும். காற்றில்லாமல் 1,200 அடி என்றால், 9 நாட் எதிர்க்காற்றில் 1,080. பின்காற்று 6 நாட் ஆனால் 1,560. தூக்கும் வேகமான 55 நாட்டை ஏர்ஸ்பீடு டயல் (காற்றோடு ஒப்பிட்ட வேகம்) காட்டும்போது சக்கரம் தரையில் 61-ல் உருள்கிறது. ‘வேகம் ஏறலையே’ என்று மாணவர் யோக்கை (மூக்கைத் தூக்கும் கைப்பிடியை) முன்கூட்டியே இழுப்பார். தரையிலிருந்து ஓர் இறக்கை நீளம், அதாவது 11 மீட்டர் உயரம்வரை தரையை ஒட்டிய காற்று தாங்கும். அதைத் தாண்டினால் விமானம் அமுங்கும்.

ஜெட்டுக்காகப் போட்ட கோவை ரன்வேயில் இந்தத் தவறு வெளியே தெரியாது, நீளம் மூடிவிடும். குட்டி ரன்வேக்குப் போகும் அன்று கடைசி மரம் கண்ணுக்கு நேரே நிற்கும்.

ரன்வேக்குள் நுழைந்ததும் விண்ட்-சாக்கைப் பாருங்கள். சுமார் 15 நாட்டில் அது விறைத்து நீளும். வால் அங்குமிங்கும் அலைந்தால் டவரிடம் மறுபடி காற்று கேளுங்கள். கால் மணி காத்திருந்தால் குடி முழுகாது.

கிளம்பினாலும் எல்லை வேண்டும். ரன்வே ஓர விளக்குகள் பொதுவாக 60 மீட்டருக்கு ஒன்று. 1,200 அடிக் கணக்கோடு பாதியைக் கூட்டினால் ஒன்பது விளக்கு. அதற்குள் எழவில்லையா? த்ராட்டிலை மூடுங்கள், பிரேக் போடுங்கள்.

எய்லரானை (இறக்கை ஓர மடலை) நேராக்கிவிடுவது

ரன்வே 23-ல் காற்று 270-லிருந்து 20 நாட் என்றால் குறுக்கே 13. 172எஸ்ஸைச் சோதனையில் ஓட்டிச் செய்துகாட்டிய குறுக்குக் காற்று அளவு 15 நாட். மாணவருக்கு அவ்வளவு ஆகாது. எய்லரானைக் காற்றுப் பக்கம் முழுதாகத் திருப்பி ஓட ஆரம்பித்து, வேகம் ஏற ஏறக் குறையுங்கள். சுழியத்துக்குக் கொண்டுவந்தால் காற்றுப் பக்க இறக்கை துள்ளும், சக்கரம் பக்கவாட்டில் தேயும்.

வீச்சுக் காற்றில் சீக்கிரம் தூக்குவது

காற்று 12 நாட், திடீர் வீச்சு 22 என்றால் உபரி 10. அதில் பாதியை 55-உடன் சேர்த்து 60-ல் தூக்குங்கள்.

ஜெட்டின் பின்னாலேயே கிளம்புவது

ஜெட் விட்டுப்போன காற்றுச் சுழல் அடங்க 2 நிமிடம் காத்திருங்கள். ரன்வே தொடக்கத்தில் இல்லாமல் இடைவழியிலிருந்து கிளம்பினால் 3.