கபினிக்கு ஓரிரவுப் பயணம்: போகலாமா வேண்டாமா என்று கணக்குப் போடும் முறை

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து கர்நாடகத்தின் நாகரஹொளே புலிகள் காப்பகத்துக்கு, குறிப்பாக அதன் தெற்கு ஓரத்தில் உள்ள கபினி நீர்த்தேக்கப் பகுதிக்கு, சனி ஞாயிறு விடுமுறையிலேயே போய்த் திரும்பிவிடலாம் என்ற யோசனை இப்போது பலருக்கும் வருகிறது. போய்விட முடியும் என்பதில் ஐயமில்லை. ஆகும் செலவுக்கும் அலைச்சலுக்கும் ஈடாகக் காட்டில் ஏதேனும் பார்க்கக் கிடைக்குமா என்பதைத்தான் கிளம்புவதற்கு முன் யோசிக்க வேண்டும். இந்த முடிவை ஆசையை வைத்து எடுப்பதைவிட, ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து எடுப்பது நல்லது.

முதலில் நாள்களை எண்ணுவதை விட்டுவிட்டு, சஃபாரி நடைகளை எண்ணுங்கள். காட்டுக்குள் வண்டி போவது காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை தஞ்சாவூரில் மைசூரு ரயிலில் ஏறினால் சனிக்கிழமை காலை மைசூருவில் இறங்கலாம். அங்கிருந்து ஹெக்கடதேவனகோட்டை வழியாகக் காரில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். அறை கிடைத்து, குளித்து, சாப்பிட்டு முடிப்பதற்குள் பிற்பகல் நடைக்கு நேரமாகிவிடும். ஞாயிறு காலை இரண்டாவது நடை. திரும்பும் ரயில் மைசூருவிலிருந்து மாலைப் பொழுதிலேயே கிளம்பிவிடுவதால், ஞாயிறு பிற்பகல் நடைக்கு வழியே இல்லை. வெள்ளி இரவிலிருந்து திங்கள் விடியல் வரை ஏறத்தாழ 60 மணி நேரம் வீட்டை விட்டு வெளியே இருக்கிறீர்கள். அதில் காட்டுக்குள் இருப்பது 6 மணி நேரம். இந்த 6 மணி நேரத்துக்காகத்தான் மற்ற எல்லாமும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சொந்தக் காரில் போனால் நேரம் மிச்சமாகும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரூர், ஈரோடு, சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் மலைப்பாதையில் ஏறிச் சாம்ராஜ்நகர் போவது குறுக்கு வழிதான்; ஆனால் பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை கார்களுக்கும் அனுமதியில்லை. 2022 பிப்ரவரியிலிருந்து நீதிமன்ற உத்தரவின்படி இந்தத் தடை நடைமுறையில் உள்ளது. வேலை முடிந்து மாலை ஆறு மணிக்குத் தஞ்சாவூரில் கிளம்பினால் நள்ளிரவையொட்டிப் பண்ணாரிக்குப் போய்ச் சேர்ந்து, விடியும்வரை சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்க நேரும். பிறகு 27 கொண்டைஊசி வளைவுகள். இரவு முழுதும் வண்டி ஓட்டியவர் பிற்பகல் ஜீப்பில் தூங்கி விழுவார். ஓசூர், பெங்களூரு வழி சுற்று. ஓரிரவுப் பயணத்துக்கு ரயிலே மேல் என்பது என் கருத்து.

இரண்டாவதாக, எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை வீட்டிலேயே, உடன் வருபவர்களிடமும் கேட்டு, முடிவு செய்துகொள்ளுங்கள். வேட்டைக்காரர்கள் துப்பாக்கியோடு அலைந்த காலம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு போய்விட்டது என்றாலும், "பெரிசு ஒன்று மாட்ட வேண்டும்" என்ற அந்த மனநிலை கேமரா பிடித்தவர்களிடம் இன்னும் இருக்கிறது. புலியோ கருஞ்சிறுத்தையோ மட்டும்தான் வேண்டும் என்பவருக்கும், யானைக்கூட்டம், காட்டெருது, கடமான், புள்ளிமான், செந்நாய் என எது வந்தாலும் மகிழ்கிறவருக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. பின்னவருக்கு இரண்டு நடையே தாராளம்.

முன்னவருக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு நடையில் புலி தென்படும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு நடையில் ஒருமுறையாவது பார்க்கும் வாய்ப்பு 44 சதவீதம். அதாவது பார்க்காமல் திரும்பும் வாய்ப்பே அதிகம். நான்கு நடை என்றால் 68 சதவீதம். ஆறு நடைக்கு 82. முதல் இரவுக்காக நீங்கள் கொடுக்கும் விலையில் ரயில் கட்டணம், கார் வாடகை, இரண்டு இரவு ரயில் தூக்கம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. இரண்டாவது இரவுக்கு அறையும் சஃபாரிக் கட்டணமும் மட்டுமே கூடுகின்றன. ஆகவே திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுக்க முடிந்தால், நடை ஒன்றுக்கு ஆகும் செலவு நன்றாகக் குறைந்து, வாய்ப்பு பாதிக்கு மேல் உயர்கிறது. புலிதான் வேண்டும், ஆனால் விடுப்பு கிடைக்காது என்றால் இந்த முறை போகாதீர்கள். காசை வைத்திருந்து, மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும்போது போங்கள்.

மூன்றாவது பருவம். வெளியூர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இதில் டெல்டாக்காரர்களுக்கு உண்டு. கபினி நமக்குப் புதிய பெயரன்று. வயநாட்டில் பிறந்து திருமகூடலு நரசிபுராவில் காவிரியோடு கலக்கும் அந்த ஆறு, தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மற்ற அணைகளுக்கு முந்தி நிரம்பி, மேட்டூருக்கு முதல் தண்ணீரை அனுப்புவது வழக்கம் என்பதால், ஜூன், ஜூலையில் கபினி நீர்மட்டத்தை நாளிதழில் பார்க்காத விவசாயி இங்கே இல்லை. அதே செய்தியை இந்தப் பயணத்துக்கும் பயன்படுத்தலாம். அணையின் முழு நீர்மட்டம் 2,284 அடி, கொள்ளளவு 19.52 டி.எம்.சி. நீர்மட்டம் அதை ஒட்டி நின்றால், நீர்த்தேக்கத்தின் ஓரத்துப் புல்வெளி முழுதும் தண்ணீருக்கடியில் இருக்கிறது என்று பொருள். காட்டுக்குள்ளும் எங்கும் பச்சையும் குட்டைகளில் நீரும் இருப்பதால் யானைகள் சிதறிப்போயிருக்கும், புதர் மறைப்பில் பத்தடி தள்ளி நிற்பதும் கண்ணுக்குத் தெரியாது. நீர்மட்டம் வெகுவாக இறங்கி, அணைச் செய்தியே தாளில் வராத மாதங்களில்தான் கரையில் புதிய புல் முளைத்து, மார்ச் முதல் மே வரை யானைக்கூட்டங்கள் நீரோரத்தில் வந்து கூடுகின்றன. நமக்கு நல்ல செய்தியாக இருப்பது சஃபாரிக்குப் போகிறவருக்குக் கெட்ட செய்தி என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் பொருத்தம் என்னவென்றால், டெல்டாவில் ஓய்வு கிடைப்பதும் ஏறத்தாழ அப்போதுதான். ஜனவரி 28ஆம் தேதியோடு மேட்டூர் மூடப்பட்டு, சம்பா, தாளடி அறுவடை முடிந்து, வயலில் தெளித்த உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்த பிறகு, ஜூன் 12 நெருங்கும்வரை வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. கோடைப் பருத்தி போட்டிருப்பவர்கள் தவிர மற்றவர்களுக்குச் சித்திரை மாதம் கை ஓய்ந்திருக்கும், பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. அப்போது ஓரிரவுப் பயணமும் பெரும்பாலும் பழுதாகாது. ஆனால் கோடை மழை இரண்டு நாள் பலமாகப் பெய்துவிட்டால் காட்டுக்குள் குட்டைகள் நிரம்பி, கரைக்கு வரும் கூட்டம் தற்காலிகமாகக் குறையக்கூடும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு விடுதிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆடியிலும் ஆவணியிலும் சலுகை விலையில் அறை கிடைக்கிறதே என்று ஓரிரவுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவது வண்டி. வனத்துறையின் பேருந்து தம்மனகட்டெயிலிருந்து போகிறது, செலவு குறைவு. விடுதிகளில் தங்குவோருக்கு ஜீப் கிடைக்கும், செலவு பன்மடங்கு. நேரம் குறைவாக இருக்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகிறது. கடமான் ஒன்று மூங்கில் புதரோரம் வால் விறைத்து, முன்னங்காலைத் தரையில் ஓங்கி மிதித்து, தகரத்தைத் தட்டியதுபோல ஒரே ஒரு சத்தம் கொடுக்கிறது என்று வையுங்கள். புள்ளிமான் எதற்கெடுத்தாலும் கத்தும். கடமான் வீணாகக் கத்துவது குறைவு. அது எந்தத் திசையைப் பார்க்கிறதோ அங்கே புலியோ சிறுத்தையோ இருக்கக்கூடும். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். அந்தப் பத்து நிமிடம் ஜீப்பில் உள்ள ஏழெட்டுப் பேரால் வாய் மூடி உட்கார முடியும். பேருந்து நிறைய ஆள் இருக்கும்போது, அதிலும் குழந்தைகள் பசியோடு இருக்கும்போது, அது நடக்காது. யானை பார்க்கப் பேருந்து போதும், புலி தேடுவதானால் ஜீப். சில விடுதிகளில் ஒரு நடையைப் படகில் வைத்துவிடுவார்கள். கோடையில் யானைக்கும் பறவைக்கும் படகு மிக நல்லது, ஆனால் இரண்டே நடையில் ஒன்று படகு என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும். நீளமான லென்ஸுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

உடல்நிலையையும் எண்ணிப் பாருங்கள். அடுத்தடுத்த மூன்று இரவுகளில் இரண்டு ரயிலில், ஒன்றில் விடியும் முன் எழ வேண்டும். முதுகுவலி உள்ள பெரியவர்களுக்குக் காட்டுப்பாதைக் குலுக்கல் ஒத்துவராது. அவர்களையும் அழைத்துப்போக வேண்டுமென்றால் ஓரிரவுத் திட்டத்தைக் கைவிடுங்கள்.

போக வேண்டாம் என்று கணக்கு சொன்னால் வீட்டில் முடங்க வேண்டியதில்லை. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரை நம் கடற்கரையிலேயே இருக்கிறது. காலையில் கிளம்பினால் புல்வெளியில் வெளிமான் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம், வடகிழக்குப் பருவமழைக் காலத்தையொட்டிப் போனால் பூநாரையும் உண்டு. வடுவூர் ஏரியும் அந்த மாதங்களில் வலசைப் பறவைகளால் நிறைந்திருக்கும். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்பவருக்கு இவை கபினியைவிட அதிகம் தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

போவது என்று முடிவானால் முன்பதிவை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும். பலரும் டிக்கெட்டை எடுத்துவிட்டுப் பிறகு அறை தேடுகிறார்கள். சஃபாரி இருக்கையோடு சேர்ந்த அறை உறுதியானதும் டிக்கெட் எடுப்பதே சரி, ஏனெனில் கோடை வார இறுதிகளில் ஜீப் இருக்கைதான் முதலில் தீர்கிறது. பணம் கட்டுமுன் சஃபாரி நடக்கிறதா என்பதையும் கேளுங்கள். புலி தாக்கி உயிரிழப்புகள் நேர்ந்ததை அடுத்து 2025 நவம்பரில் நாகரஹொளே, பந்திப்பூர் இரண்டிலும் கர்நாடக அரசு சஃபாரியை நிறுத்திவைத்தது. காட்டுத்தீ அபாயத்தாலும் இடையிடையே நிறுத்தம் வரலாம். அப்படி நின்றால் பணம் திரும்புமா, வேறு தேதிக்கு மாற்றுவார்களா, கட்டணத்தில் எத்தனை நடை அடங்குகிறது, அவை ஜீப்பா படகா என்ற நான்கையும் வாய்ப்பேச்சோடு விடாமல் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேட்டு வாங்கிவிட்டுப் பணம் அனுப்புங்கள்.