சொந்த விமானம்: வாங்கும் முன்பும் பறக்கும் முன்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய விமான நிறுவனத்தில் ஒரு விமானம் தரையை விட்டுக் கிளம்ப வேண்டுமென்றால் பல பேர் தலையாட்ட வேண்டும். எரிபொருள் கணக்குப் போட ஒருவர், பராமரிப்புத் தாளில் கையெழுத்துப் போட ஓர் இன்ஜினியர், பக்கத்து இருக்கையில் இன்னொரு பைலட். இவர்களில் யாராவது ஒருவர் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் விமானம் நிற்கும். நாலு சீட் சொந்த விமானத்தில் இந்த வேலை எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்கிறார். போயே ஆக வேண்டும் என்று துடிப்பவரும் அவரேதான். சின்ன விமானங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளை எடுத்துப் பார்த்தால், தடுக்க ஆளில்லாமல் தரையிலேயே எடுத்த ஒரு முடிவில்தான் பல தவறுகள் தொடங்கியிருக்கும்.

வாங்கும்போதே இது ஆரம்பிக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு போகப்போகும் நீண்ட பயணத்தை மனதில் வைத்து, ஆறு சீட்டும் மடங்கும் சக்கரமும் உள்ள வேகமான விமானத்தை வாங்கிவிடுவார்கள். நடப்பில் பறப்பதோ பெரும்பாலும் தனியாக, அல்லது இன்னொருவரோடு, ஒரு மணி நேரத் தொலைவுக்கு. பெரிய விமானத்துக்குப் பராமரிப்பும் இன்சூரன்ஸும் கூடும் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், வேகமான விமானத்தில் யோசிக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. 1947-ல் விற்பனைக்கு வந்த, வி வடிவ வால் கொண்ட பீச்கிராஃப்ட் பொனான்சாவுக்கு அமெரிக்க பைலட்டுகள் 'டாக்டர்களைக் கொல்லும் விமானம்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அதன் வால் அமைப்பில் குறை இருந்தது உண்மை. பின்னாளில் அதை வலுப்படுத்தவும் செய்தார்கள். ஆனாலும் அந்தப் பெயர் குத்திக்காட்டுவது, அனுபவம் சேரும் முன்பே பணம் சேர்ந்துவிட்டவர்களைத்தான்.

பழைய விமானம் வாங்குகிறீர்கள் என்றால், விற்பவரின் மெக்கானிக் "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொன்னதோடு விடாதீர்கள். அந்த விமானத்தை இதுவரை தொட்டிராத, உங்களிடம் சம்பளம் வாங்கும் ஒருவர் அதைத் திறந்து பார்க்க வேண்டும். பறந்த நேரமும் பராமரிப்பும் பதிவாகும் லாக்புக்கை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு பதிவும் இல்லை என்றால் அந்தக் காலத்தில் விமானம் எங்கே, எப்படி நின்றது? கட்டாயப் பழுதுநீக்க உத்தரவுகள் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து இருக்கிறதா? விமானத்தின் மேல் கடன் ஏதும் பாக்கி இருக்கிறதா? புதுப் பெயின்ட் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாது.

"இன்ஜின் ஓடியது 300 மணி நேரம்தான்" என்ற விளம்பரத்தில் மயங்குகிறவர்கள் நிறையப் பேர். அந்த 300 மணி நேரம் எத்தனை வருடத்தில் ஓடியது என்று கேட்பதுதான் சரியான கேள்வி. சின்ன விமானங்களில் பரவலாக இருக்கும் லைகமிங் இன்ஜின்களில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. இன்ஜின் சும்மா நின்றால் அதன் மேலுள்ள எண்ணெய்ப் படலம் மெல்ல வடிந்துவிடும்; ஈரக் காற்று பட்டுத் துரு பிடிக்கும். துருப்பிடித்த கேம் அடுத்து ஓடும்போது தேயத் தொடங்கி, அந்தப் பொடி எண்ணெயோடு இன்ஜின் முழுக்கச் சுற்றும். அதனால்தான் லைகமிங் தன் பல மாடல்களுக்கு 2,000 மணி நேரம் என்று ஓவர்ஹாலுக்கு, அதாவது முழுதாகப் பிரித்துச் சரிசெய்வதற்கு, வரம்பு சொல்லும்போது, 12 வருடம் என்று காலக்கெடுவையும் சேர்த்தே சொல்கிறது. வாரம் தவறாமல் பறந்து 1,200 மணி நேரம் ஓடிய இன்ஜினையும், பதினைந்து வருடத்தில் 300 மணி நேரம் ஓடிய இன்ஜினையும் பக்கத்தில் வைத்தால், முதலாவதைத்தான் நான் எடுப்பேன்.

வாங்கிய பிறகும் இதே கதைதான். முதல் சில மாதம் ஆசையாகப் பறப்பார்கள். அப்புறம் வேலை, மழை, ஏதோ ஒன்று வரும். மனது கேட்காமல் வாரம் ஒரு முறை விமானம் நிற்கும் ஹேங்கருக்குப் போய், இன்ஜினைப் பத்து நிமிடம் தரையிலேயே ஓட்டி அணைத்துவிட்டு, பராமரித்துவிட்ட திருப்தியோடு வீடு திரும்புவார்கள். இது சும்மா விடுவதைவிட மோசம். எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. எண்ணெய் நன்றாகச் சூடேறினால்தான் அந்த ஈரம் வெளியேறும். பத்து நிமிடத்தில் சூடேறாது. குறைந்தது 30 நாளுக்கு ஒரு முறை, எண்ணெய் வெப்பநிலை 74 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை இருக்குமாறு தொடர்ந்து ஒரு மணி நேரம் பறக்க வேண்டும் என்பது லைகமிங்கின் அறிவுரை. 50 மணி நேரம் பறந்தாலும், அதற்கு முன்பே 4 மாதம் ஆகிவிட்டாலும் எண்ணெயை மாற்றிவிட வேண்டும்.

புது விமானத்தோடு பழகாமல் கிளம்புவதும் உண்டு. பைலட்டாக எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், ஒவ்வொரு மாடலிலும் சுவிட்சுகளும் வால்வுகளும் வேறு வேறு இடத்தில் இருக்கும். பாடகர் ஜான் டென்வர் நீண்ட கால அனுபவமுள்ள பைலட். 1997 அக்டோபர் 12 அன்று, கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில், தான் புதிதாக வாங்கிய லாங்-ஈசி விமானத்தோடு கடலில் விழுந்து இறந்தார். வீட்டிலேயே கட்டப்படும் வகை விமானம் அது. எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று மாற்றும் கைப்பிடியை அதைக் கட்டியவர் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து டென்வருக்கு அது சரியாக எட்டவில்லை. கிளம்பும் முன் தரையிலேயே இது தெரிந்துவிட்டது; ஒரு இடுக்கியைப் பிடியில் மாட்டி நீட்டிப் பார்த்தார்கள், அதுவும் சரிவரவில்லை. எரிபொருள் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு, கொஞ்ச நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றிருக்கிறார். நடுவானில் டேங்கை மாற்றத் திரும்பியபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்று விசாரணை முடிவு சொல்கிறது. எட்டாத கைப்பிடி, குறைவான எரிபொருள், பழகாத விமானம். மூன்றுமே தரையில் இருக்கும்போதே தெரிந்தவை. வேறொருவரின் விமானமாக இருந்திருந்தால் அன்று அதை அவருக்குக் கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

எடை விஷயத்துக்கு வருவோம். நாலு சீட் இருந்தால் நாலு பேர் ஏறலாம், டேங்கையும் நிரப்பலாம் என்ற நினைப்பு கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும். உலகிலேயே அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானமான செஸ்னா 172-ஐயே பாருங்கள். 172எஸ் மாடலின் அதிகபட்ச எடை 1,157 கிலோ. கருவிகளைப் பொறுத்து மாறினாலும், ஆள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்து ஏற்ற முடிவது 390 கிலோ அளவில் இருக்கும். பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 200 லிட்டர். அது 144 கிலோ. மிச்சம் 246. எண்பது கிலோ ஆட்கள் நாலு பேர் என்றால் 320 கிலோ. பெட்டி இல்லாமலே 74 கிலோ அதிகம். நாலு பேரும் வர வேண்டுமென்றால் பாதி டேங்கோடு கிளம்பி, தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தக் கணக்கை உங்கள் விமானத்துக்கென்று எடை போட்டு எழுதிய தாளை வைத்துப் போடுங்கள், பொதுக் கையேட்டை வைத்து அல்ல.

எடை சரியாக இருந்தாலும் ஓடுதளம் போதுமா என்பது தனிக் கேள்வி. வெயில் ஏற ஏறக் காற்று லேசாகும். இறக்கை, புரொப்பெல்லர், இன்ஜின் மூன்றும் சக்தி இழக்கும். கடல் மட்டத்திலிருந்து 3,000 அடி உயரத்திலுள்ள ஓடுதளத்தில் கணக்குக்கு அடிப்படையாக வைக்கும் நியம வெப்பநிலை 9 டிகிரி. அங்கே 33 டிகிரி வெயில் அடித்தால், டிகிரிக்கு 120 அடி வீதம், விமானம் கிட்டத்தட்ட 5,900 அடியில் இருப்பதுபோலத்தான் நடந்துகொள்ளும். கிளம்பத் தேவைப்படும் தூரத்தை இதற்கேற்பக் கூட்டிக்கொள்ள, பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் எளிய பெருக்கல் எண்கள் தருகிறது: காய்ந்த புல்தரை என்றால் 1.2, வெப்பம் 10 டிகிரி கூடினால் 1.1, உயரம் 1,000 அடி கூடினால் 1.1, ஓடுதளம் 2 சதவீத ஏற்றம் என்றால் 1.1. இவற்றைக் கூட்டக்கூடாது, ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். நாலும் சேர்ந்தால் 500 மீட்டர் 800 மீட்டராகும். அதன் மேல் பாதுகாப்புக்கு 1.33-ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். 1,060 மீட்டரைத் தாண்டிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்ன எண்கள்தான், அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

எரிபொருளில் தெரிந்த விஷயங்கள்தான், ஆனாலும் விடுபடுகின்றன. டாஷ்போர்டு முள்ளை நம்பாமல் டேங்கில் அளவுக்குச்சி விட்டுப் பாருங்கள். அடியிலிருந்து கொஞ்சம் வடித்து, தண்ணீர் இருக்கிறதா, சின்ன விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோல் என்றால் நீல நிறமாக இருக்கிறதா என்று பாருங்கள். நிரப்பும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பெட்ரோல் இன்ஜினுக்கு ஜெட் எரிபொருள் ஊற்றிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. கார்புரேட்டர் உள்ள விமானமா? 20 டிகிரிக்கு மேல் இருக்கும் ஈரமான நாளிலும் அதற்குள் பனிக்கட்டி உறையலாம். அதை உருக்கச் சூடான காற்றை விடும் 'ஹீட்' கொடுத்ததும் உருகிய தண்ணீர் உள்ளே போய் இன்ஜின் கொஞ்சம் உதறும். பயந்து ஹீட்டை மூடிவிடாதீர்கள்.

உயிரைக் குடிக்கும் இன்னொன்று வானிலை. கண்ணால் பார்த்துப் பறக்க மட்டும் பயிற்சி பெற்றவர் மேகத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954-ல் சோதித்தார்கள். மேகத்துக்குள் இருப்பதுபோல வெளியே தெரியாமல் மறைத்து, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரைப் பறக்கவிட்டார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள்; சராசரியாக 178 வினாடியில். உள்காது சொல்லும் திசை பொய், அது பொய் என்று அந்த நேரத்தில் தெரியாது. மேகம்கூட வேண்டியதில்லை. 1999 ஜூலை 16 இரவு, முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தன் பைப்பர் சரடோகா விமானத்தில் மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நோக்கிப் பறந்தபோது, மங்கலான காற்றில் கடலும் வானமும் பிரித்தறிய முடியாமல் போய்த் திசைக்குழப்பத்தில் விழுந்தார். அவரும், உடன் வந்த மனைவியும், மனைவியின் சகோதரியும் இறந்தார்கள். அன்று அவர்கள் கிளம்பியது ஒரு குடும்பத் திருமணத்துக்காக.

திருமணம், கூட்டம், நாளைக்கு வேலை என்று ஏதாவது ஒன்று எப்போதும் காத்திருக்கும். எனவே கூட வருகிறவர்களிடம் "கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வானிலை ஒத்துவந்தால் போவோம், இல்லையென்றால் ரயிலோ காரோ என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். மேகத்தின் அடிப்பகுதி எந்த உயரத்துக்குக் கீழே வந்தால், பார்வைத்தூரம் எவ்வளவு குறைந்தால் திரும்பிவிடுவீர்கள் என்பதை அமைதியாக வீட்டில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். காக்பிட்டில் பேரம் பேசத் தோன்றும்.

இன்சூரன்ஸில் ஒரே ஒரு எச்சரிக்கை: நண்பருக்கு விமானத்தைக் கொடுக்கும் முன், யார் யார் ஓட்டலாம், எத்தனை மணி நேர அனுபவம் வேண்டும் என்று பாலிசியில் இருக்கும் வரியைப் படியுங்கள். அந்த வரிக்குள் வராதவர் ஓட்டி இடித்தால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

வருடத்துக்குச் சில பத்து மணி நேரம்தான் பறப்பீர்கள் என்றால் வாடகைக்கு எடுப்பதோ, இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவதோ நல்லது. செலவு குறையும், இன்ஜின் சும்மா நிற்காது, "வேண்டாம்" என்று சொல்லவும் ஆள் கிடைக்கும். ஆனால் நட்பை நம்பி வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். பழுதுச் செலவை எப்படிப் பிரிப்பது, ஒருவர் விலகினால் அவர் பங்கை எந்த விலைக்கு எடுப்பது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இன்னொரு வரியையும் கேட்டு எழுதி வாங்குங்கள்: கூட்டாளிகளில் யாராவது ஒருவர் விமானத்தில் கோளாறு என்று பதிவு செய்துவிட்டால், மெக்கானிக் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை மற்றவர்கள் யாரும் அதை எடுக்கக்கூடாது.