பாதியில் மூடி வைக்கத் தோதான சாப்பாடு

பிரசவ வார்டில் இரவு டியூட்டி பார்ப்பவர் பரோட்டா வாங்கக் கூடாது. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது இரவு பத்தரைக்கு வாங்கிய பார்சலை நான் பிரித்தது விடிகாலை மூன்றே காலுக்கு. சால்னா ஊறிப் பரோட்டா கூழாகியிருந்தது. பசியில் அதையும் தின்றேன்; மறுநாள் முழுக்க வயிறு பேசியது. அன்றிலிருந்து எந்தச் சாப்பாட்டையும் ஒரே கேள்வி கேட்டுத்தான் பையில் வைக்கிறேன்: இரண்டு வாய் தின்று மூடிவிட்டு ஓடினால், திரும்பி வரும்போது அது சாப்பாடாக இருக்குமா?

காலை எட்டுக்கு 24 மணி நேர டியூட்டி என்றால் ஏழுக்கே வயிற்றை நிரப்பிவிடுங்கள். நான்கு இட்லி, நல்லெண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடி, அவித்த முட்டை ஒன்று. ரவுண்ட்ஸ் முடிந்ததும் சாப்பிடலாம் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். ரவுண்ட்ஸ் முடியும்போது ஓ.பி.யில் வரிசை நிற்கும், ஓ.பி. முடியும்போது சிசேரியனுக்கு அழைப்பு வரும்.

மதியத்துக்குப் புளியோதரை. புளியும் எண்ணெயும் அதைக் காக்கும். சாம்பார் சாதத்தை மதுரை வெயிலில் நம்ப வேண்டாம். சோற்றில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் கிடந்தால் முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. தயிர்சாதம்தான் வேண்டும் என்றால், குழைய வடித்த சோற்றில் ஆறிய பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து கொண்டு போங்கள். மதியத்துக்குள் அதுவே உறைந்துவிடும், புளிக்காது. டப்பாவைத் தடுப்பூசி ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். அதற்குள் 2 முதல் 8 டிகிரி நிலைக்க வேண்டும். உங்கள் ஊறுகாய்க்காக அடிக்கடி கதவைத் திறந்தால் நிலைக்காது.

தண்ணீர் விஷயத்தில் பெண் மருத்துவர்கள் செய்யும் தவறை நானும் பல வருடம் செய்தேன். கழிப்பறை தூரம், அதுவும் பூட்டியிருக்கும் என்று குடிக்காமலே இருப்பது. சிறுநீர்த் தொற்று வந்த பிறகுதான் ஒரு லிட்டர் பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டிக் கோடு போட்டேன்: பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி. கோட்டைத் தாண்டித் தண்ணீர் நின்றால் வார்டு சிஸ்டரே அதட்டுவார்.

இரவுச் சாப்பாட்டை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். நள்ளிரவில் உடலுக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவு. பகலில் தின்ற அதே அளவு இரவில் ரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றும். பிறகு பசித்தால் கொஞ்சம் பொட்டுக்கடலை, ஒரு கடலை மிட்டாய், ஒரு வாழைப்பழம். வாழைப்பழம்போல் மருத்துவமனைக்கு ஏற்ற பண்டம் வேறு இல்லை: உரித்தால் பழத்தில் கை படவே படாது. அதற்காகக் கை கழுவாமல் விடாதீர்கள். கையில் தேய்க்கும் சாராயக் கரைசல் வித்துக் கிருமிகளைக் கொல்லாது. சாப்பிடும் முன் சோப்பும் தண்ணீரும்தான்.

தேநீர் இரவு ஒரு மணியோடு நிற்கட்டும். குடித்த காஃபீனில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். விடிகாலை நான்கு மணிக்கு, “டாக்டரம்மா, ஒரு வாய் குடியுங்கள்” என்று ஆயாம்மா பிளாஸ்க்கோடு வருவார். வாங்கிக் கொள்வேன், மனம் நோகக் கூடாதே. பாதிநாள் அதை மேசையில் ஆறவிட்டுவிட்டுப் போவேன். மீதி நாள் குடித்துவிட்டு, காலை பத்துக்குத் தூக்கம் வராமல் புரள்வேன்.

டியூட்டி முடிந்ததும் வாசலில் வெண்பொங்கல் மணக்கும். ஒருமுறை அதைத் தின்றுவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். சிக்னலில் கண்ணயர்ந்தவளைப் பின்னால் நின்ற ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்து எழுப்பியது. இப்போது டியூட்டி நாளில் டவுன் பஸ்தான். பொங்கல் பார்சலாக மடியில் இருக்கும்.